எல்லாக் கண்ணுக்கும் ஒரே நீளம்

முதல் நோயாளியின் கணக்கு சரியாக இருந்தது. அன்றைக்கு எங்களுக்கு வந்த ஆபத்தே அதுதான்.

கணினி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எந்த மொழி நல்லது, எந்தக் கருவி வேகம் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்ததாக நான் நம்புவது ஒன்றுதான். சுற்றி எல்லோரும் அவசரப்படும்போது எங்கே காலை ஊன்றி நிற்பது என்பது. அதை ஒரே நாளில் கற்றேன். அந்த நாளைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று முயன்று பார்த்தேன், வரவில்லை. அதனால் அப்படியே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். பாளையங்கோட்டையில் ஒரு அறக்கட்டளை நடத்திய சின்னக் கண் மருத்துவமனையில் நான் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான், எனக்குக் கீழே காதர், இரண்டு கணினிகள், கரகரவென்று இரைகிற ஒரு பிரிண்டர். காதர் மேலப்பாளையத்துப் பையன். படிப்பை முடித்த கையோடு வந்தவன். பத்திரிகையோடு இலவசமாக வரும் சிடிகளைச் சேர்த்துவைத்து, அதில் கிடைத்த பைத்தான் என்ற கணினி மொழியைத் தானாகவே படித்திருந்தான். அப்போது திருநெல்வேலியில் பைத்தான் என்றால் பாம்பாட்டியைத்தான் தேடுவார்கள்.

கண்புரை எடுத்த கண்ணுக்குள் ஒரு சின்ன லென்ஸ் வைப்பார்கள். அதன் பவர் ஆளுக்கு ஆள் மாறும். கண்ணின் நீளத்தை மூன்று தடவை அளந்து சராசரி எடுத்து, கருவிழியின் வளைவையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால் பவர் வரும். நீளமான கண்ணுக்குக் குறைந்த எண், குட்டையான கண்ணுக்குக் கூடிய எண். இந்தக் கணக்கைத்தான் காதர் பைத்தானில் எழுதினான். ஒரு நோயாளி வருவார், அளவுகளைத் தட்டுவோம், பவர் வரும், நிரல் முடிந்துவிடும். அடுத்தவருக்கு மறுபடி தொடங்குவோம். பல மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பெரிய டாக்டர் தினமும் ஒன்றிரண்டைக் கையால் போட்டுப் பார்ப்பார். சரியாக இருக்கும். எங்கள் தலைமை மருத்துவரை நாங்கள் எல்லோரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம்.

ராதாபுரம் பக்கத்தில் ஒரு முகாம் நடத்தி, அறுவை தேவைப்பட்டவர்களைப் பேருந்தில் கூட்டி வந்தார்கள். கூட்டம் அதிகம் என்பதால் மதுரையிலிருந்து ஒரு டாக்டரும் வந்திருந்தார். ஒவ்வொருவராகத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. காதர் நிரலை மாற்றினான். எல்லோருடைய அளவுகளும் ஒரு கோப்பில் இருக்கும். ஒரு லூப் சுற்றிச் சுற்றி அதைப் படித்து, ஆளுக்கொரு ஆப்ஜெக்ட், அதாவது அவர் விவரங்களுக்கென்று ஒரு தனிக் கூடு, உண்டாக்கி, பவரைக் கணக்கிட்டு, ஆப்ஜெக்டை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகும். முடிந்ததும் பெயர், எந்தக் கண், என்ன பவர் என்று ஆளுக்கொரு சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டை நோயாளியின் தோளில் ஊக்கால் குத்துவோம். அறுவை அறையில் அதைப் பார்த்துத்தான் லென்ஸ் எடுப்பார்கள்.

காலையில் முதல் சீட்டைப் பெரிய டாக்டர் கையால் போட்டுப் பார்த்தார். துல்லியமாக இருந்தது. "காதரு, ஜோரா இருக்குலே. வேலைய ஆரம்பிக்கச் சொல்லு" என்றார். காதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சீட்டுகளை எடுத்துக்கொண்டு நான் கீழே போனேன். பெயர் கூப்பிட்டு, ஆள் சரிதானா என்று கேட்டு, தோளில் குத்துவது என் வேலை. யாரும் எனக்கு அந்த வேலையைத் தரவில்லை. நானாக எடுத்துக்கொண்டது. நிரல் எழுதுவதற்கு முன்னாலும் அளவெடுக்கும் அறையில் பல நாட்கள் போய் நின்றிருக்கிறேன். சிஸ்டர் எதை அளக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பதற்காக.

வரிசையின் கடைசியில் செல்லக்கனி என்று ஓர் அம்மாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் இட்லிக் கடை நடத்துகிறவர். அவர் போட்டிருந்த கண்ணாடியைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. ஓரத்தில் அத்தனை தடிமன். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சுண்டிப்போய்ச் சின்னதாகத் தெரிந்தன. தூரத்தில் இருப்பது தெரியாதவர்கள் போடும் மைனஸ் கண்ணாடி அது. அப்படிக் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண் நீளமாக இருக்கும் என்று அளவெடுக்கும் அறையில் கேட்டிருக்கிறேன். அப்படியானால் லென்ஸ் எண் குறைய வேண்டும். சீட்டில் இருபத்தொன்று என்று இருந்தது.

முன்னால் இருந்தவர்களின் தோளில் நான் குத்தியிருந்த சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்தொன்று, இருபதரை, இருபத்தொன்று, இருபத்தொன்றரை. எல்லாம் பக்கத்துப் பக்கத்து எண்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பேருந்து நிறைய வந்தவர்களில் உயரம் ஒன்றுபோல் இல்லை, மூக்கு ஒன்றுபோல் இல்லை. கண் மட்டும் எப்படி இவ்வளவு ஒன்றுபோல் இருக்கும்?

நோயாளிகளின் அளவுத் தாள்கள் எல்லாம் அறுவை அறைக்குள் போய்விட்டிருந்தன. கதவருகே போனேன். பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், கடைசிச் சீட்டுல சந்தேகமா இருக்கு. அந்த அம்மா போட்டிருக்கது தடிக் கண்ணாடி. இருபத்தொண்ணு வராது."

அவர் திரும்பாமலேயே சொன்னார். "கோமதி, புரை முத்துனா கண்ணாடி பவர் தானா ஏறும். அதுக்கும் கண்ணு நீளத்துக்கும் சம்பந்தமில்ல. மொதச் சீட்ட நாந்தான் பாத்தேன். சரியா இருக்கு. மதுரைலேருந்து வந்தவுக மத்தியானம் ரயிலுக்குப் போணும். நீ போயி அடுத்த ஆள அனுப்பு."

அவர் சொன்னது உண்மை. புரை முத்தினால் அப்படி ஆகும். நான் டாக்டர் இல்லை. திரும்பி வந்தேன். அந்த நடையில் என் மனசு பட்ட பாட்டை இன்றைக்கும் சொல்ல முடியும். அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? அடுத்த ஆளை அனுப்பிவிட்டு நம் இடத்துக்குப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகுதான் ஒன்று உறைத்தது. டாக்டர் சொன்ன காரணம் இந்த அம்மாவுக்குப் பொருந்துமா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே. அதைச் சொல்லக்கூடிய ஆள் என் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறார்.

செல்லக்கனி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "யம்மா, இந்தக் கண்ணாடி எப்பலேருந்து போட்டிருக்கீய?"

"இதா? இது போன கோயில் கொடைக்கு மாத்துனது மக்கா."

"இது இல்ல. மொதமொதல்ல எப்ப போட்டிய?"

"அது ஆச்சே ஒரு காலம். நாலாப்பு படிக்கையில, போர்டுல எழுதுனது தெரியலன்னு சார்வாள் அடிச்சாரு. எங்கய்யா போயி அவருகிட்ட சண்ட போட்டுட்டு, என்னய நாகர்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி கண்ணாடி வாங்கித் தந்தாவ. அன்னைக்கே தடியாத்தான் இருந்துச்சு. சோடாப்புட்டின்னு கூப்புடுவானுவ, எழவெடுத்த பயலுவ." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "ஏன் மக்கா, எல்லாருக்கும் மருந்து ஊத்துதாவ. எனக்கு மட்டும் நீ சீட்டக் குத்தாம கையிலேயே வச்சிருக்க? எனக்குப் பார்வ வராதோ?"

"வரும்மா. வரணும்னுதான் வச்சிருக்கேன்."

நாலாம் வகுப்பில் யாருக்கும் புரை முத்துவதில்லை. எழுந்தேன். அதற்குள் முதல் நோயாளி மேசைக்குப் போயிருந்தார். இரண்டாவது ஆளுக்கு மரப்பு ஊசி போட அறுவை அறைச் சிஸ்டர் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, போகக் கூடாத கோடு வரைக்கும் போய் நின்றேன்.

"சிஸ்டர், ஊசி போடாதீங்க. நிறுத்துங்க."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அறுவை அறையில் அப்படி யாரும் கத்துவதில்லை. பெரிய டாக்டர் முகமூடிக்கு மேலே கண்ணை உருட்டிப் பார்த்தார்.

"என்ன கோமதி, வெளயாடுதியா?"

"சார், கடைசி அளவுத் தாள மட்டும் எடுத்துப் பாருங்க. அந்த அம்மா நாலாங்கிளாஸ்லேருந்து கண்ணாடி போடுதாவ. இது புரையால வந்த பவர் இல்ல. நான் சொல்லுதது தப்பா இருந்தா நாளைலேருந்து நான் வரல."

கடைசி வாக்கியம் தேவையில்லாதது. வாயில் வந்துவிட்டது. உங்களுக்கு அப்படிச் சொல்ல நேர்ந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அவர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தாளை எடுத்தார். நீளம் இருபத்தாறரை மில்லிமீட்டருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக மூன்று அளவுகள். பேனாவை வாங்கித் தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். பதின்மூன்று வந்தது. மறுபடி போட்டார். பதின்மூன்றுதான். மூக்கில் மாட்டும் கண்ணாடி தப்பாகிப்போனால் கழற்றி மாற்றிவிடலாம். கண்ணுக்குள் வைத்த லென்ஸை அப்படி மாற்ற முடியாது. இன்னொரு தடவை கண்ணைத் திறக்க வேண்டும்.

"மேசைல இருக்கது?" என்றார் மெதுவாக.

"முதல் சீட்டு சார். நீங்க பாத்தது. அது சரி."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அளவுத் தாள்களை வாரிக்கொண்டு நான் மாடிக்கு ஓடினேன்.

காதர் முதலில் நம்பவில்லை. "இல்லக்கா, வாய்ப்பே இல்ல. லூப்பப் பாருங்க. ஒவ்வொரு சுத்துலயும் புது ஆப்ஜெக்ட்தான் உண்டாக்குதேன். ஒண்ணு மேல ஒண்ணு எழுதல. பேரு எல்லாம் சரியாத்தான வந்திருக்கு?"

அவன் சொன்னதும் சரி. லூப்பில் குற்றம் இல்லை. ஆளுக்கொரு ஆப்ஜெக்ட், ஆளுக்கொரு பெயர். நான் அவனோடு வாதாடவில்லை. கீழேயிருந்து கொண்டுவந்த அளவுத் தாள்களை மேசையில் போட்டு, இரண்டாவது ஆளுக்குக் கையால் போட்டேன். கொஞ்சம் விலகியிருந்தது. நடுவில் ஒருவர், நன்றாக விலகியிருந்தது. "பட்டியல்ல கீழ போகப் போக எல்லாருக்கும் ஒரே நீளம் மாதிரி வருது, பாரு. ஏன்?" என்றேன்.

அவன் திரையைப் பார்த்தபடியே இருந்தான். லூப்பைத் தாண்டி, ஆப்ஜெக்டுகளுக்கெல்லாம் அச்சான கிளாஸ் தொடங்கும் இடத்துக்குப் பைய மேலே போனான். அப்படியே நின்றான்.

"அக்கா. அளவு போட்டுவைக்குத லிஸ்ட்ட கிளாஸுக்கு நேரா வச்சுட்டேன். ஆளுக்கு ஆள் தனியா வைக்கல. எல்லாருக்கும் ஒரே லிஸ்ட்டு."

உங்களில் பாதிப் பேர் இதை முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். ஆப்ஜெக்டுகள் தனித்தனி, ஆனால் அளவுகளைப் போட்டுவைக்கும் லிஸ்ட் மட்டும் எல்லோருக்கும் பொது. முதல் ஆளின் அளவுகள் விழும்போது லிஸ்ட் காலியாக இருந்ததால் அவர் கணக்கு சரி. இரண்டாவது ஆளின் சராசரியில் முதல் ஆளின் கண்ணும் சேர்ந்துவிட்டது. கடைசி ஆளின் சராசரியில் பேருந்தில் வந்த அத்தனை பேரின் கண்ணும் இருந்தது. கருவிழி வளைவு மட்டும் அவரவர்க்கு உரியது என்பதால் எண்கள் கொஞ்சம் கொஞ்சம் மாறி, பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்தன. ஒருவருக்காக ஓடி முடிந்த நாட்களில் இந்தப் பிழை தலைகாட்ட வழியே இல்லை.

அதன் பிறகு காதர் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். திருத்துவதற்கு முன்னால், என்னைக்கூடக் கேட்காமல், மாடியிலிருந்து இறங்கிப் போனான். முதல் அறுவையை முடித்துவிட்டு மதுரை டாக்டரும் வெளியே வந்திருந்தார். இரண்டு டாக்டர்களுக்கும் முன்னால் நின்று, "தப்பு எம்மேலதான் சார். மொத ஆளத் தவிர யாரோட சீட்டையும் நம்பாதீங்க. எல்லாத்தையும் எங்கிட்டத் தந்துருங்க" என்றான். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. மிஷின் தப்பு, பைத்தான் தப்பு, அளவெடுத்த சிஸ்டர் தப்பு என்று சொல்ல எத்தனையோ இடம் இருந்தது. அவனுக்கு அப்போது வேலை உறுதியாகக்கூட ஆகவில்லை.

பெரிய டாக்டர் திட்டவில்லை. "இனிமே கணக்கு கையாலதான். அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய மூடி வைங்க" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

காதர் மாடிக்கு ஓடிவந்து ஒரு வரியை இடம் மாற்றினான். அவ்வளவுதான் திருத்தம். "அக்கா, சரியாயிட்டு. இப்பவே அடிச்சுரலாம்" என்றான். நான் மறுத்துவிட்டேன். திருத்திய நிரலும் புது நிரல்தான். காலையில் நம்பியதுபோல மத்தியானம் நம்ப எனக்கு மனசு வரவில்லை. கையால் மட்டும் போடுவதிலும் நம்பிக்கை இல்லை. அத்தனை பேரைப் பட்டினியாக உட்கார வைத்துவிட்டு, அவசரத்தில் போடுகிற கணக்கு எப்படி இருக்கும்?

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "சார், அளவெடுத்த சிஸ்டர் ஒரு தடவ போடட்டும். நான் தனியா ஒரு தடவ போடுதேன். ரெண்டு பேரும் ஒருத்தர் தாள ஒருத்தர் பாக்க மாட்டோம். காதர் மிஷின்ல போடட்டும். மூணும் ஒத்து வந்தாத்தான் சீட்டு."

"நேரம்?"

"ஆகும் சார்."

அவர் மதுரை டாக்டரைப் பார்த்தார். மதுரை டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றார். எரிச்சல் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஆனாலும் உட்கார்ந்தார்.

மூன்று பேரும் போட்டுக்கொண்டே போனோம். முதலில் போட்டுத் தந்தது செல்லக்கனிக்கு. மூன்று தாளிலும் பதின்மூன்று. சீட்டை நானே கையால் எழுதித் தோளில் குத்தினேன். "இப்பவாவது குத்துனியே" என்றார் அவர்.

பாதிக்கு மேல் போன பிறகு ஒருவருக்கு ஒத்து வரவில்லை. சிஸ்டரின் எண் ஒன்று. என்னுடையதும் மிஷினுடையதும் வேறு. பெரிய டாக்டரே வந்து போட்டுப் பார்த்தார். சிஸ்டர் கழித்தலில் சறுக்கியிருந்தார். பாவம், காலையிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. பெரிய டாக்டர் தப்பான எண்ணை அடித்துவிட்டுச் சரியானதை எழுதினார். பிறகு காதர் பக்கம் திரும்பி, "பொட்டிய மூட வேண்டாம்லே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரிண்டரில் தாளைச் சரிசெய்வதுபோல நின்றான்.

டீயைக் குடித்து முடித்த மதுரை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்தக் கடைசிக் கணக்கு சரியா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப? ஆபரேஷன நிப்பாட்டிட்டு, எல்லாரு முன்னாலயும் அசிங்கமா போயிருக்குமே?"

"ஒங்க ரெண்டு பேருகிட்டயும் மன்னிப்பு கேட்டிருப்பேன் சார். அந்த அம்மா கண்ணுகிட்ட அப்படிக் கேட்க முடியாதுல்லா?"

அவர் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். கை கழுவப் போய்விட்டார்.

பொழுது சாய்வதற்குள் எல்லா அறுவையும் முடிந்தது. ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒரு கண்ணிலும் தப்பான லென்ஸ் போகவில்லை. மறுநாள் காலை கட்டுப் பிரிக்கும்போது நானும் காதரும் வராந்தாவில் நின்றோம். செல்லக்கனி கண்ணைத் திறந்து, பழக்கத்தில் மூக்குக்குக் கையைக் கொண்டுபோய்க் கண்ணாடியை ஏற்றிவிடப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கை அப்படியே நின்றது. எதிர்ச் சுவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், வெளியே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தார்.

"யம்மா, கண்ணாடி இல்லாம இம்புட்டுத் தூரம் நான் பாத்ததே இல்லியே. அன்னா, எல எலயால்லா தெரியுது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நேத்து கெடந்து கத்துனது நீதானா? நான் யாரோ பெரிய டாக்டரம்மான்னு நெனச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காதர் மட்டும் சிரிக்கவில்லை. வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வாரமே பெரிய டாக்டர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். யார் தப்பு என்று ஒரு சொல் இல்லை. இனி எந்த நிரலையும் ஒருவரை வைத்துச் சோதித்துவிட்டு ஊருக்கே ஓட்டக் கூடாது, முதலையும் பார்க்க வேண்டும், கடைசியையும் பார்க்க வேண்டும், அறுவை அறைக் கதவில் யார் நிறுத்து என்று சொன்னாலும் காரணம் கேட்பதற்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்றார். அப்புறம் காதரின் வேலையை உறுதிசெய்த உத்தரவை அவன் கையில் கொடுத்தார். நான் ஓய்வு பெறும்வரை எங்கள் அறையிலிருந்து தப்பான சீட்டு ஒன்றும் கீழே போகவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டுமே.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். பல வருடங்கள் கழித்து, கணக்கையெல்லாம் அளவெடுக்கும் கருவியே போட்டுவிடும் காலம் வந்த பிறகு, ஒரு நாள் கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போனால் வரிசையில் மதுரை டாக்டர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நோயாளிச் சட்டை போட்டிருந்தார். மதுரையில் இல்லாத கண் ஆஸ்பத்திரியா? அங்கேயே அவர் கையில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

"இங்க எதுக்கு சார் வந்திய?" என்றேன்.

"உன்னையத் தேடித்தாம்மா வந்தேன். மிஷின் பாட்டுக்கு எண்ணச் சொல்லிருச்சு. இருக்கட்டும். அந்தப் பையன் இருக்கானா? இருந்தா அவனையும் கூப்பிடு. நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா உக்காந்து ஒரு தடவ போட்டுப் பாருங்க. அப்புறமா உள்ள போறேன்."

காதரைக் கூப்பிட்டேன். அவன் அப்போது எனக்கு அடுத்த பொறுப்பில் இருந்தான். ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், வெவ்வேறு மேசையில் உட்கார்ந்தோம். அவசரப்படாமல் போட்டோம். பிறகு இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தோம். ஒத்து வந்திருந்தது. அவர் வலது தோளைச் சாய்த்துக் காட்டினார்.

நான் ஊக்கை எடுத்துச் சீட்டைக் குத்தினேன்.